நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை: அதற்குள் என்ன இருக்கிறது?

செங்கோட்டை, களியக்காவிளை மாதிரியான தமிழக-கேரள எல்லை ஊர்களில் இதய நோயாளி இருக்கும் வீட்டில் இரண்டு மாநிலத்து மருந்துச் சீட்டும் ஒரே கவருக்குள் கிடக்கும். ஆஞ்சியோகிராம் திருவனந்தபுரத்தில் எடுத்திருப்பார்கள். மாதாமாதம் மாத்திரை வாங்குவது உள்ளூர்க் கடையில். அங்கே எழுதிய பெயர் இங்கே இருக்காது. கடைக்காரர் வேறு பெயர் போட்ட அட்டையை எடுத்துத் தருவார். இது அதுதானா என்ற சந்தேகத்தோடுதான் பலரும் வீடு திரும்புகிறார்கள்.

அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் வரியைப் பாருங்கள். முன்பக்கத்தில் கண்ணில் படுவது கம்பெனி வைத்த பெயர். பின்பக்கத்துச் சின்ன எழுத்துதான் மருந்தின் பெயர். அங்கே 'ஐசோசார்பைட் டைநைட்ரேட் 5 மி.கி.' என்றிருந்தால், முன்னால் எந்தப் பெயர் இருந்தாலும் உள்ளே இருப்பது நம் ஊரில் எல்லாரும் 'சார்பிட்ரேட்' என்று சொல்லும் அதே மருந்து. 'டைநைட்ரேட்' இருக்க வேண்டிய இடத்தில் 'மோனோநைட்ரேட்' என்றிருந்தால் அது வேறு மருந்து. நெஞ்சு வலிக்கும் நேரத்தில் நாக்குக்கு அடியில் வைக்க அது உதவாது. உயிர் காக்கும் வேறுபாடு 'டை', 'மோனோ' என்ற இரண்டு முன்னொட்டில் இருப்பதால், அந்தப் பெயரிலிருந்தே தொடங்கலாம்.

பெயருக்குள் இருக்கும் கணக்கு

'டை' என்றால் இரண்டு, 'மோனோ' என்றால் ஒன்று, 'ட்ரை' என்றால் மூன்று. எண்ணப்படுவது நைட்ரேட் தொகுதிகள். ஒரு நைட்ரஜன் அணு, அதைச் சுற்றி மூன்று ஆக்சிஜன் அணுக்கள். அந்த மூன்றில் ஒன்று கார்பனைப் பிடித்துக்கொண்டிருக்கும். இந்தச் சின்னக் கூட்டம்தான் மருந்து. மற்றதெல்லாம் அதைச் சுமந்து போகிற வண்டி.

வண்டி எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். மரச்சீனிக் கிழங்கிலும் மக்காச்சோளத்திலும் இருக்கிற மாவுச்சத்தை உடைத்தால் குளுக்கோஸ். குளுக்கோஸோடு ஹைட்ரஜனைச் சேர்த்தால் சார்பிட்டால். சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் இனிப்புக்குப் போடுகிறார்களே, அதுதான். சார்பிட்டாலை அமிலத்தோடு சூடாக்கி இரண்டு தண்ணீர் மூலக்கூறுகளை வெளியேற்றினால் ஐசோசார்பைட் கிடைக்கும். திறந்து வைத்த புத்தகம் போல, ஒரு விளிம்பில் ஒட்டிய இரண்டு சிறு வளையங்கள். அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஹைட்ராக்சில், அதாவது ஓர் ஆக்சிஜன்-ஹைட்ரஜன் ஜோடி, நீட்டிக்கொண்டிருக்கும். அந்த இரண்டு கைகளிலும் நைட்ரிக் அமிலத்தைக் கொண்டு நைட்ரேட்டைப் பூட்டினால் ஐசோசார்பைட் டைநைட்ரேட். ஒரு கையில் மட்டும் இருந்தால் மோனோநைட்ரேட்.

எடைக் கணக்கிலும் இதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். ஐசோசார்பைட்டின் மூலக்கூறு எடை 146. ஒரு ஹைட்ராக்சில் நைட்ரேட்டாக மாறும்போது 45 கூடும். ஆகவே மோனோநைட்ரேட் 191, டைநைட்ரேட் 236. இதே கணக்கு கிளிசரினுக்கும் பொருந்தும்: 92-இல் தொடங்கி மூன்று முறை 45 கூட்டினால் 227. அதுதான் கிளிசரைல் ட்ரைநைட்ரேட், எல்லாருக்கும் தெரிந்த பெயரில் நைட்ரோகிளிசரின். டைநைட்ரேட்டின் முழுக் கணக்கு: 6 கார்பன், 8 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன், 8 ஆக்சிஜன்.

'நைட்ரோ'கிளிசரின் என்ற பெயர் வேதியியல்படி தவறு. நைட்ரோ சேர்மத்தில் நைட்ரஜன் நேரடியாகக் கார்பனோடு ஒட்டியிருக்கும். இங்கே நடுவில் ஓர் ஆக்சிஜன் நிற்கிறது. எனவே இது நைட்ரிக் அமிலத்தின் எஸ்டர், அதாவது அமிலம் ஒரு ஹைட்ராக்சிலோடு சேர்ந்து உண்டான சேர்மம். அந்த ஆக்சிஜனுக்கும் நைட்ரஜனுக்கும் இடையிலான பிணைப்பு பலவீனமானது, லேசில் அறுந்துவிடும். மருந்து வேலை செய்வது, வெடிப்பது, வெயிலில் கெட்டுப்போவது எல்லாமே அந்த ஒரு பலவீனத்திலிருந்து வருபவை.

ரப்பர்த் தோட்டத்துக்குப் போடும் உரத்திலும் நைட்ரேட் உண்டு, வெடியுப்பும் பொட்டாசியம் நைட்ரேட்தான். 'அப்படியென்றால் அதையா நாக்குக்கு அடியில் வைக்கிறோம்?' என்ற கேள்வி அடிக்கடி வரும். இல்லை. உரத்தில் இருப்பது உப்பு. தண்ணீரில் கரைந்து அயனியாகப் பிரிந்துவிடும், இரத்தக் குழாயை இந்த வேகத்தில் விரிக்காது. மாத்திரையில் இருப்பது எஸ்டர். தண்ணீரில் மிகக் கொஞ்சம்தான் கரையும், கொழுப்பில் நன்றாகக் கரையும். வாயின் மெல்லிய தோல் வழியாகச் சரசரவென்று உள்ளே போக அந்தக் குணம்தான் கை கொடுக்கிறது.

வெடிக்குமா?

தூய நிலையில் வெடிக்கும். நைட்ரோகிளிசரினை 1847-இல் இத்தாலியின் தூரின் நகரில் முதன்முதலாகத் தயாரித்தவர் அஸ்கானியோ சொப்ரேரோ. எண்ணெய் போன்ற திரவம், தண்ணீரைப் போல 1.6 மடங்கு கனம், சுமார் 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறையும். எரிய வேண்டிய கார்பனும் எரிக்க வேண்டிய ஆக்சிஜனும் ஒரே மூலக்கூறுக்குள் இருக்கின்றன. வெளிக்காற்றுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஒரு தட்டு தட்டினால் போதும். அதை உறிஞ்சிக்கொள்ளும் ஒருவகை மண்ணில் ஊறவைத்துப் பத்திரப்படுத்தி 1867-இல் டைனமைட் என்று காப்புரிமை வாங்கினார் ஆல்ஃபிரெட் நோபல்.

மருந்துக்காரர்கள் செய்வதும் கிட்டத்தட்ட அதே தந்திரம்தான். ஐசோசார்பைட் டைநைட்ரேட் வெள்ளைப் படிகம், உருகுநிலை சுமார் 70 டிகிரி. நீர்க்காத தூளுக்கு அடியும் சூடும் ஆகாது என்பதால், தொழிற்சாலைக்கே லாக்டோஸோ மானிட்டாலோ கலந்து நீர்த்த தூளாகத்தான் அனுப்புவார்கள். மாத்திரையாக அழுத்தும்போது இன்னும் மாவுப்பொருள் சேரும். 5 மி.கி. மருந்து பல மடங்கு மாவுக்குள் சிதறிக் கிடக்கிறது. கீழே போட்டாலும், நசுக்கினாலும் அந்த மாத்திரை வெடிக்காது. பயப்பட ஒன்றுமில்லை.

உடம்புக்குள் நடப்பது

1879-இல் லண்டன் மருத்துவர் வில்லியம் மரெல், நூற்றுக்கு ஒரு பங்காக நீர்த்த நைட்ரோகிளிசரினை நெஞ்சுவலிக்காரர்களுக்குக் கொடுத்துப் பலனை எழுதினார். ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிய இன்னும் நூறு வருடம் ஆயிற்று. மருந்திலிருந்து நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு வெளிப்படுகிறது, அதுதான் குழாயை விரிக்கிறது என்று ஃபெரித் முராட் 1977-இல் காட்டினார். நம் இரத்தக் குழாயின் உள்தோலும் அதே வாயுவைத் தானே தயாரிக்கிறது என்பது பிறகு தெரியவந்தது. 1998-இல் முராட், ராபர்ட் ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ மூவருக்கும் அதற்காகக் கிடைத்தது நோபல் பரிசு.

குழாயின் சுவரில் வளையம் வளையமாகத் தசை இருக்கிறது. நைட்ரிக் ஆக்சைடு அந்தத் தசைச் செல்லுக்குள் நுழைந்து ஒரு நொதியைத் தட்டி எழுப்பும். நொதி சி.ஜி.எம்.பி. என்ற செய்திப் பொருளை உண்டாக்கும். அது கூடக் கூட, தசையைச் சுருங்கவைக்கும் கால்சியம் குறையும். தசை தளரும், குழாய் விரியும். சி.ஜி.எம்.பி. என்ற பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஆபத்தைச் சொல்லும் இடத்தில் மறுபடி வரும்.

இதய நாளத்து அடைப்பை இந்த மருந்து கரைத்துவிடும் என்று நினைப்பவர்கள் அதிகம். கரைக்காது. இதய நாளங்களைக் கொஞ்சம் விரிப்பது உண்மை. ஆனால் முதல் வேலை நடப்பது காலிலும் வயிற்றிலும் இருக்கும் சிரைகளில். பேச்சில் நாம் 'நரம்பு' என்று காட்டுகிற அந்த நீலக் குழாய்கள்தான் சிரை. அவை தளர்ந்து அகலமானதும் இரத்தம் அங்கே தங்கிக்கொள்ளும். இதயத்துக்குத் திரும்பி வரும் இரத்தம் குறையும். அறை அதிகம் உப்பாது, சுவரின் இழுவிசை இறங்கும், இதயத் தசைக்கு வேண்டிய ஆக்சிஜனும் குறையும். வலி நிற்பது பெரும்பாலும் இப்படித்தான்: வரவு கூடியதைவிடச் செலவு குறைந்ததால்.

எழுந்து நின்றால் மயக்கம் வருவதற்கும் இதுவே காரணம். காலில் தங்கிய இரத்தம் தலைக்கு ஏறவில்லை. தலைவலிக்குக் காரணம் மூளையைப் போர்த்திய உறையின் இரத்தக் குழாய்களும் விரிவது. முதல் சில நாள் மண்டை இடித்தால் பாராசிட்டமால் போட்டுக்கொள்ளலாம். ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். தலைவலிக்காக மருந்தையே நிறுத்துவது தவறு, மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைத்துக் கொடுப்பார்.

இன்னொன்று. உணவுக்குழாயின் தசையையும் இந்த மருந்து தளர்த்தும். அதனால் 'மாத்திரை வைத்தேன், வலி போயிற்று, ஆகவே இதயம்தான்' என்றும் முடிவு கட்ட முடியாது. 'வலி போகவில்லை, ஆகவே வாயுதான்' என்றும் சொல்ல முடியாது. இரண்டாவது முடிவு ஆளைக் கொல்லும்.

ஏன் நாக்குக்கு அடியில்?

விழுங்கினால் மருந்து குடலிலிருந்து முதலில் கல்லீரலுக்குப் போகும். நைட்ரேட்டைக் கழற்றி எறிவதில் கல்லீரல் கெட்டிக்காரன். நைட்ரோகிளிசரினை விழுங்கினால் நூற்றில் ஒரு பங்குகூட முழுதாகத் தப்பாது. டைநைட்ரேட்டில் சராசரியாகக் கால் பங்கு தப்பும், அதுவும் ஆளுக்கு ஆள் வெகுவாக மாறும். நாக்குக்கு அடியில் உள்ள சிரைகளோ கழுத்து வழியாக நேரே இதயத்துக்குப் போகின்றன. கல்லீரலைத் தொடாமல் போகும் குறுக்குவழி. டைநைட்ரேட் அங்கே 2 முதல் 5 நிமிடத்தில் வேலையைத் தொடங்கி ஒன்றிரண்டு மணி நேரம் தாங்கும்.

வலி வந்தால் முதலில் உட்காருங்கள். நின்றபடி வைத்தால் விழ நேரும். தட்டையாகப் படுத்தால் இரத்தம் இதயத்துக்குத் திரும்பி வந்து மருந்தின் பயனைக் குறைக்கும். வாய் உலர்ந்திருந்தால், பயத்தில் பெரும்பாலும் உலர்ந்துதான் இருக்கும், ஒரு வாய்த் தண்ணீரால் நனைத்துக்கொள்ளுங்கள். மாத்திரையை நாக்கின் அடியில் வைத்து வாயை மூடுங்கள். எச்சிலை உடனே விழுங்காதீர்கள். விழுங்கினால் மருந்தும் கல்லீரலுக்குத்தான் போகும். வெற்றிலையோ புகையிலையோ வாயில் இருந்தால் துப்பிக் கொப்பளித்த பிறகே வைக்க வேண்டும். சுருக்கென்ற உணர்வு சிலருக்கு வரும், சிலருக்கு வராது. வராததால் மருந்து செத்துப்போனது என்று அர்த்தமில்லை.

5 நிமிடத்தில் வலி குறையவில்லை என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதே எண்தான். மருத்துவர் முன்பே சொல்லியிருந்தால், தலைசுற்றல் இல்லாதபட்சத்தில், 5 நிமிடத்துக்கு ஒன்றாக இன்னும் வைக்கலாம். 15 நிமிடத்தில் மூன்றைத் தாண்டக் கூடாது. மூன்றையும் முடித்துவிட்டு வண்டி தேடலாம் என்று காத்திருப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. முதல் மாத்திரை பலிக்காதபோதே வண்டியைக் கூப்பிட வேண்டும்.

இங்கேதான் 'டை', 'மோனோ' விவகாரம் வருகிறது. மோனோநைட்ரேட்டைக் கல்லீரல் முதல் சுற்றில் தொடுவதில்லை. விழுங்கினால் ஏறக்குறைய முழுவதும் இரத்தத்துக்கு வரும், பாதியாகக் குறைய சுமார் 5 மணி நேரம் எடுக்கும். நாள் முழுக்க வலி வராமல் தடுக்க நல்லது, அவசரத்துக்கு மெதுவானது. டைநைட்ரேட்டே உடம்புக்குள் ஒரு நைட்ரேட்டை இழந்து மோனோநைட்ரேட்டாகத்தான் மாறுகிறது. அதே போல 2.6, 6.4 மி.கி. என்று வரும் நைட்ரோகிளிசரின் மாத்திரைகள் மெல்ல மெல்ல மருந்தை வெளிவிடும்படி செய்யப்பட்டவை, விழுங்குவதற்கானவை. பெயரைப் பார்த்து நாக்குக்கு அடியில் வைத்தாலும், கடித்து மென்றாலும், தவறுதான்.

'மூன்று வேளை' என்று எழுதினால்

நம் வீடுகளில் மூன்று வேளை என்றால் காலைச் சாப்பாடு, மதியச் சாப்பாடு, இரவுச் சாப்பாடு. இரவுச் சாப்பாடு ஒன்பதரைக்கு. தினமும் விழுங்கும் நைட்ரேட்டுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. ஒழுங்காக மாத்திரை போட்டும் பலனில்லாமல் போகும் நோயாளிகளில் பலருக்குச் சிக்கல் இங்கேதான் இருக்கும்.

இரத்தத்தில் நைட்ரேட் இடைவிடாமல் இருந்தால் ஓரிரு நாளிலேயே குழாய்கள் அதற்குப் பழகிவிடும். நைட்ரேட்டை உடைக்கும் நொதிகள் சோர்ந்துபோகும். விரிந்த குழாயை ஈடுகட்ட உடம்பு உப்பையும் நீரையும் பிடித்து வைக்கும். மாத்திரை உள்ளே போகும், வேலை நடக்காது. டைனமைட் ஆலைத் தொழிலாளிகள் இதை மருத்துவர்களுக்கு முன்பே உடம்பில் கண்டவர்கள். திங்கட்கிழமை மண்டை பிளக்கும். வாரம் போகப்போகத் தலைவலி மறையும். ஞாயிறு விடுமுறையில் பழக்கம் விட்டுப்போய், திங்களன்று மறுபடி முதலிலிருந்து.

அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் ஒவ்வொரு நாளும் நாம் உடம்புக்குக் கொடுக்க வேண்டும். 24 மணி நேரத்தில் குறைந்தது 10 முதல் 14 மணி நேரம் நைட்ரேட் இல்லாத இடைவெளி. டைநைட்ரேட் மூன்று முறை என்றால் காலை 8, மதியம் 1, மாலை 6. சாதாரண மோனோநைட்ரேட் 20 மி.கி. இரண்டு முறை என்றால் காலை 8, பிற்பகல் 3. காலை 8, இரவு 8 அல்ல. மெதுவாக வெளிவிடும் வகை என்றால் காலையில் ஒன்றோடு சரி. இரவில்தான் வலி வருகிறது என்பவருக்கு இடைவெளியைப் பகலுக்கு மாற்ற மருத்துவரால் முடியும். நாமாக மாற்றக் கூடாது. மருந்துச் சீட்டில் மணி எழுதியில்லை என்றால் கேட்டு எழுதி வாங்குங்கள். பல வருடம் போட்டு வந்ததைத் திடீரென்று நிறுத்துவதும் ஆகாது, வலி திரும்பக்கூடும்.

எதனோடு சேரக் கூடாது

சி.ஜி.எம்.பி. நினைவிருக்கிறதா? அதை உடைத்துத் தீர்ப்பதற்கு உடம்பில் ஒரு நொதி உண்டு. ஆண்மைக் குறைவுக்குக் கொடுக்கும் சில்டெனாஃபில், டாடலாஃபில் மாத்திரைகள் அந்த நொதியை அடைத்துவிடுகின்றன. நைட்ரேட் சி.ஜி.எம்.பி.யின் வரத்தைத் திறந்துவிடும், மற்றது அதன் வடிகாலை அடைக்கும்; சி.ஜி.எம்.பி. பெருகி, பி.பி. பாதாளத்துக்கு இறங்கும். உயிர் போயிருக்கிறது. சில்டெனாஃபில் போட்டிருந்தால் 24 மணி நேரத்துக்கும், டாடலாஃபில் என்றால் 48 மணி நேரத்துக்கும் நைட்ரேட் தொடக் கூடாது. நுரையீரல் இரத்த அழுத்தத்துக்கும் இதே மாத்திரைகள் கொடுப்பதுண்டு, பெண்களுக்கும். அவசர சிகிச்சைப் பிரிவில் மருத்துவர் கேட்டால் மனைவி, மகன் பக்கத்தில் நிற்கிறார்களே என்று கூசாமல் உள்ளதைச் சொல்லிவிடுங்கள்; தனியாகப் பேச வேண்டும் என்று கேட்டாலும் ஒதுக்கித் தருவார்கள்.

மதுவும் குழாயை விரிக்கும். கேரளத்தில் இருக்கும் ஆரியங்காவு பக்கம் போய்க் கள் குடித்துவிட்டு வந்த மாலையில் இந்த மாத்திரை வைத்தால், எழுந்ததும் விழ வாய்ப்பு அதிகம்.

பி.பி.யின் மேல் எண் 90-க்குக் கீழே இருந்தால் நைட்ரேட் கூடாது. பெருந்தமனி வால்வு மிகவும் சுருங்கியவர்கள், வலது பக்க இதயத்தில் மாரடைப்பு வந்தவர்கள் இதயத்துக்குத் திரும்பி வரும் இரத்தத்தை நம்பித்தான் இருக்கிறார்கள். அதைக் குறைத்தால் சரிந்துவிடுவார்கள். நெஞ்சு வலித்தால் யாராயிருந்தாலும் ஒரு சார்பிட்ரேட் வையுங்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை நம்பக் கூடாது என்பது இதனால்தான். பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரை அவருக்காக எழுதப்பட்டது.

வைத்திருக்கும் முறை

நைட்ரோகிளிசரின் ஆவியாகும். நாக்குக்கு அடியில் வைக்கும் வகை சிறு கண்ணாடிப் புட்டியில் வருவது அதனால்தான். அதை பிளாஸ்டிக் டப்பாவில் மாற்றினால் பிளாஸ்டிக்கே மருந்தை உறிஞ்சும், பஞ்சு வைத்தால் பஞ்சு உறிஞ்சும். ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்தாக ஏற்றும்போதும் பி.வி.சி. குழாயில் பாதிக்கு மேல்கூட ஒட்டிக்கொள்ளும். வேறு வகைக் குழாய் போடுவது அதற்காகத்தான்.

டைநைட்ரேட் திடப்பொருள், அவ்வளவு எளிதில் பறக்காது, அட்டையிலேயே வருகிறது. ஆனால் ஈரமும் சூடும் அந்தப் பலவீனமான பிணைப்பை அறுக்கும். சாரல் காலத்து ஈரம், ஜீப்பின் கண்ணாடிக்குக் கீழே அடிக்கும் வெயில், அடுப்படி அலமாரி மூன்றும் ஆகாது. அட்டையிலிருந்து பிரித்துக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைப்பதும் ஆகாது. வியர்வை பட்டு இரண்டு நாளில் மாத்திரை விளிம்பு பொடியத் தொடங்கும், வேண்டிய நேரத்தில் கையில் வருவது வெறும் மாவு.

கடையில் அட்டையை வெட்டி நான்கு மாத்திரை தரும்போது பெரும்பாலும் பெயரும் காலாவதித் தேதியும் அச்சிட்ட முனை கடைக்காரரிடமே தங்கிவிடும். முழு அட்டையாக வாங்குங்கள், விலை அதிகமில்லை. வெட்டித்தான் வாங்கினீர்கள் என்றால் மருந்தின் பெயர், மி.கி., தேதி மூன்றையும் அந்த இடத்திலேயே பேனாவால் கவரில் எழுதி வாங்குங்கள். நோயாளி பையில் ஓர் அட்டை, வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த ஒரே இடத்தில் இன்னோர் அட்டை. பூட்டிய பீரோ வேண்டாம். குழந்தை கைக்கு எட்டாத திறந்த தட்டு போதும். அவசர அட்டையை யாரும் திறந்தே பார்ப்பதில்லை என்பதால், தேதி முடியும் மாதத்தைக் காலண்டரில் குறித்துவைத்து அதற்கு முன்பே புதியதை மாற்றிவிடுங்கள்.